மூன்று மூட்டை குளிர்

பெங்களூர் ரயிலிலிருந்து இறங்கி, சென்ட்ரலில் ஆட்டோக்காரரோடு பேரம் பேசித் தொண்டை வறண்டு, சாந்தோமில் தன் வீட்டுக் கேட்டைத் திறந்த மர்சலின் டீச்சரை வரவேற்றது புருஷன் அல்ல, பூனைகள். எண்ணினால் பதினொன்று தேறும். வீட்டின் பக்கத்துச் சந்தில், அவளுடைய திராட்சைக் கொடிகளின் காலடியில், கல்யாணப் பந்தியில் இடம் பிடித்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. விரட்டினாலும் போகவில்லை. ஒன்று மட்டும் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்தது.

பூனைகளுக்கு மேலே இருந்த கொடிகளை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஊருக்குப் போகும்போது பளபளவென்று இருந்த இலைகள் ஓரம் கருகிச் சுருண்டு தொங்கின. தளிர்கள் வெந்நீரில் முக்கி எடுத்த கீரை மாதிரி கறுத்துக் கிடந்தன. மிளகளவு பிடித்திருந்த பிஞ்சுகள் தொட்டால் கையோடு வந்தன.

தோட்டம் என்று சொன்னால் கம்பம் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். நாலடி அகலச் சந்து அது. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் சுப்புலக்ஷ்மி மாமி வீட்டு மதில். நடுவே வரிசையாக நான்கு பன்னீர் திராட்சைக் கொடிகள். கூட வேலை பார்த்த தேனிக்கார டீச்சர் ஒருத்தி, லீவு முடிந்து திரும்பியபோது ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த குச்சிகள்தாம். எட்டு வருஷத்தில் சுவரேறி, மொட்டைமாடியில் இரும்புக் குழாய்ப் பந்தலை மூடிவிட்டன. கடற்காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும் அந்தத் தெருவில், ஆழ்குழாய்த் தண்ணீர்கூட உப்புக் கரிக்கும் இடத்தில், அரிசி கழுவிய தண்ணீரையும் மெட்ரோ வாட்டரில் மிச்சம் பிடித்ததையும் ஊற்றியே அவள் வளர்த்திருந்தாள். தெருவில் அதற்குத் ‘திராட்சைத் தோட்டம்’ என்று பெயரே விழுந்துவிட்டது.

அதிலும் இந்த வருஷக் காய்ப்பு சும்மா தின்பதற்கான காய்ப்பு அல்ல, நேர்ச்சைக் காய்ப்பு. போன மார்ச்சில், சூசையப்பர் திருநாளன்று, அவள் புருஷன் பவுல்சாமிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. தைத்து முடித்த பிறகும் ரத்தக் கசிவு நிற்கவில்லை, திரும்பத் திறக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பி பாசிட்டிவ் தீர்ந்துபோயிருந்தது. கல்லூரிகளில் பரீட்சை நேரம், ரத்ததான முகாம் எதுவும் இல்லை. மர்சலின் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்த நடை அவளுக்குத்தான் தெரியும். பட்டினப்பாக்கத்தில் மீன்காரர்களுக்கு ஐஸ் போடும் அக்பர் பாஷா நோன்பு திறந்த கையோடு வந்தான். பக்கத்து வீட்டு சுப்புலக்ஷ்மி மாமியும், தரமணி ஆபீஸிலிருந்து அவள் மகன் அச்யுத்தும் வந்தார்கள். கோயில் பாடகர் குழு ஸ்டீவ் வந்தான். அபிராமபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் விஜயராகவன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். வந்து படுத்துக் கையை நீட்டியவர்கள் இந்த ஐந்து பேர். பவுல்சாமி பிழைத்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரி மாதா கெபி முன்னால் நின்று மர்சலின் நேர்ந்துகொண்டாள்: அடுத்த சூசையப்பர் திருநாளுக்கு, ரத்தம் கொடுத்தவர்களுக்கு என் கையால் வளர்த்த திராட்சையைக் கொடுக்கிறேன்.

கணக்குப் பார்த்துத்தான் நவம்பர் நடுவில் மழைக்கு நடுவே குடை பிடித்துக் கவாத்து செய்தாள். வெட்டி விட்டால் நூற்றிருபது நாளில் பழம். மகள் ஷெரிலுக்குப் பிரசவம் வந்து பெங்களூர் போக வேண்டியிருந்தபோது, மூன்று கொடிகளில் பதினெட்டுக் கொத்தும், துணி துவைக்கும் கல்லோரம் நிழலில் நின்ற நாலாவது சோம்பேறிக் கொடியில் நாலு கொத்தும் பிடித்திருந்தன. “தண்ணி மட்டும் ஊத்துங்க, வேற எதுவும் செய்யாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஃபிசிக்ஸ் வாத்தியாரிடம் ‘வேற எதுவும் செய்யாதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போனது அவள் தப்புதான்.

குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தாள். ஜில்லென்று இருந்தது. முகர்ந்தாள், மீன் வாடை. நாக்கில் வைத்தாள், துப்பினாள்.

“என்னங்க! சந்துல என்ன மீன் மார்க்கெட்டா நடத்துறீங்க?”

பவுல்சாமி கையில் பேப்பரோடு வாசலுக்கு வந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

“வந்துட்டியா மர்சி? ரயில்ல தூங்கினியா? காபி போடட்டுமா? குழந்தை யாரு மாதிரி இருக்கு?”

“உங்க மாதிரிதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம முழிக்குது.”

“நானே உன்கிட்ட சொல்லணும்னுதான்…”

“போன்ல தினம் கேட்டேனே. கொடி எப்படி இருக்குன்னு கேட்டா, ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்னீங்களே.”

“முதல் நாலு நாள் ஃபர்ஸ்ட் கிளாஸாத்தான் இருந்துச்சு.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குளிர் வேணும் மர்சி. திராட்சைக்கு ஒரு குளிர்காலம் வேணும். வெளிநாட்டுல கொடி மேலயே பனி விழுந்து கிடக்குது. அப்படி நல்லா குளிர்ல தூங்கி எழுந்தாதான் கொத்து கொத்தா காய்க்குமாம். அந்த ஆளு வெவரமா சொன்னான்.”

“எந்த ஆளு?”

“யூடியூப்ல. தொப்பி போட்டுட்டு…”

“அந்தத் தொப்பிக்காரன் சாந்தோம்ல குடியிருக்கானா?”

“இங்க மார்கழியிலகூட இருபது டிகிரிக்குக் கீழ இறங்க மாட்டேங்குதே. அதான் அக்பர் பாஷாகிட்ட ஐஸ் கேட்டேன். வெறும் ஐஸ் ஜீரோவோட நின்னுடும். உப்பு சேர்த்தா மைனஸ்ல போகும். உறைகலவை! எட்டாங்கிளாஸுக்கு முப்பத்தோரு வருஷம் நடத்தினேனே.” சொல்லச் சொல்ல அவர் குரலில் பழைய வகுப்பறை வந்துவிட்டது. “கோணியில கட்டி, அடித்தண்டைச் சுத்தி வச்சேன். கரையக் கரைய அஞ்சு நாள் போட்டேன். தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தா மைனஸ் ஆறு மர்சி! நம்ம சந்துல!”

ஐஸ்கிரீம் வண்டிப் பெட்டிக்கு வெளியே சாந்தோம் என்றைக்கும் கண்டிராத குளிர் அது. கல்லுப்பு போட்ட மீன் ஐஸ், கொடிகளின் வேரைக் கடித்துக்கொண்டு ஐந்து நாள் கிடந்திருக்கிறது. கரைந்த உப்புத் தண்ணீர் முழுக்க மண்ணுக்குள் போயிருக்கிறது. பூனைகளுக்கு மட்டும்தான் அதனால் லாபம்.

இரண்டு மாதமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த நேர்ச்சை. சூசையப்பர் திருநாளுக்கென்று சொன்ன சொல்.

“எத்தனை மூட்டை?”

“ஒரு கொடிக்கு ஒரு மூட்டை. மூணு.”

“நாலாவதுக்கு மட்டும் ஏன் விட்டீங்க? அது உங்க சொந்தக்காரனா?”

பவுல்சாமி பேப்பரை நேராகத் திருப்பி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“கேக்கறேன்ல?”

“மூச்சு வாங்கிச்சு,” என்றார்.

அவளுக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கேட்டிலிருந்து சந்து வரை நாற்பது தப்படி. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிய சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இந்த மனுஷன் பக்கெட் பக்கெட்டாக ஐஸ் சுமந்திருக்கிறார். அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கொடி செத்தா வேற குச்சி நட்டுக்கலாம்,” என்றாள். “உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? நான் அங்க பச்ச உடம்புக்காரி பக்கத்துல உக்காந்திருக்கேன். யாரு வந்து கதவைத் தொறந்து பார்த்திருப்பா? ஊரே ரத்தம் குடுத்து நிமித்தி வச்ச உடம்பை ஐஸ் தூக்கவா வச்சிருக்கீங்க?”

“எல்லாரும் எனக்குச் செஞ்சாங்க மர்சி. நான் மயக்கத்துல கிடந்தேன். யாரு வந்தா, யாரு போனான்னுகூடத் தெரியாது. இப்ப நன்றி சொல்றதையும் நீயே செய்யற. கவாத்து நீ, தண்ணி நீ, நேர்ச்சை நீ. என் உசுருக்கு நன்றி சொல்றதுல என் கை ஒரு பக்கமாவது இருக்க வேணாமா? கொத்து கொஞ்சம் அதிகம் பிடிச்சா ஆளுக்கு ஒரு கூடை குடுக்கலாமேன்னு பார்த்தேன்.”

அவருடைய அசட்டுத்தனத்தை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அசட்டுத்தனம் உயிரோடு, செருப்பில்லாத காலோடு, எதிரே நிற்கிறதே என்று நினைத்தால் அழுகை வந்தது. காபியை அவளே போட்டாள்.

பத்து மணி சுமாருக்குத் தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. அக்பர் பாஷாவின் மீன்பாடி வண்டி. கேட்டில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து சந்தை எட்டிப் பார்த்தான்.

“இன்னா டீச்சரம்மா, எப்ப வந்தீங்கோ? பேத்தி எப்டி கீது?”

“பேத்தி நல்லா இருக்கா. கொடிதான் போயிட்டு இருக்கு. நீதானே ஐஸ் குடுத்தே?”

“வாத்யாரு கேட்டாரு, குட்தேன். நம்ம வாத்யாருக்கு இல்லாத ஐஸா? மீன் பொட்டியில மிச்சம் கெடந்ததுதான். இன்னாத்துக்கு நைனான்னு கேட்டேன். சயின்ஸுன்னாரு. சயின்ஸுன்னு சொல்ட்டா நான் மேல இன்னா கேக்க முடியும்?” கருகிய இலைகளைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. “அய்யய்யோ. இப்டி ஆய்டுச்சே. நான் வேற கொசுறா ரெண்டு கை உப்பு சேத்துப் போட்டேனே.”

“உனக்காகத்தான் பாஷா வளர்த்தேன்.” சொல்லக் கூடாது, பழமாகக் கையில் கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது வாய் தவறி வந்துவிட்டது. “உனக்கு, மாமிக்கு, அச்யுத்துக்கு… ரத்தம் குடுத்த எல்லாருக்கும்னு நேர்ந்துக்கிட்டேன்.”

“எனுக்கா?” அக்பர் பாஷா தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். “எனுக்குன்னு வளத்ததுக்கு நானே ஐஸு வெச்சிக்கினு கீறனா?”

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எழும்பியது. முக்காலி போட்டு ஏறி நின்றிருந்தாள் சுப்புலக்ஷ்மி மாமி. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

“நேக்கு நேத்திக்கே சந்தேகம்தான் மர்சலின். எங்காத்துப் பால்கிண்ணத்தைச் சீந்தாத பூனையெல்லாம் இங்க வந்து தவம் பண்ணிண்டு இருக்கேன்னு. சரி, பேசிண்டு நின்னா ஆச்சா? இதுக்கு என்ன வைத்தியம்?”

தேனிக்கார டீச்சருக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அவள் முதலில் சிரித்தாள், பிறகு பவுல்சாமி சாரைத் திட்டினாள், பிறகு வைத்தியம் சொன்னாள். “மேல் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழிச்சு எடுத்துரு. அப்புறம் நல்ல தண்ணியா விட்டு மண்ணைக் கழுவு. மூணு நாளைக்கு நிறுத்தாம விடு. போர் தண்ணி ஆகாது, உப்பு மேல உப்பாயிரும்.”

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மர்சலின் வீட்டுத் தொட்டியில் இருந்தது சமையலுக்கே இழுபறி.

“எங்காத்து சம்ப்புல முந்தாநாள்தான் மெட்ரோ வாட்டர் ரொம்பித்து,” என்றாள் மாமி. “ஓஸ் போட்டு இழுத்துக்கோங்கோ.”

“பொங்கல் வருதே மாமி. வீட்டுல விருந்தாளி வருவாங்களே.”

“பொங்கலுக்கு ரெண்டு குடம் போறும். வரவாளை நான் பாத்துக்கறேன். சித்த அந்தப் பூனையைத் துரத்துங்கோ, எங்காத்துப் பக்கம் ஏறறது.”

அக்பர் பாஷா அன்றைக்கு மத்தியானமே நாலு நீல டிரம்மில் லாரித் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினான். சனிக்கிழமை அச்யுத் மண்வெட்டியோடு வந்து, கையில் கொப்புளம் போடப் போட, உப்பு மண்ணை வழித்துச் சாக்கில் கட்டினான். ஸ்டீவ் பூசைக்குப் போட்டுவந்த சட்டையோடு அதைச் சுமந்தான். விஜயராகவன் மட்டும் வரவில்லை. ஆனால் ஆள் அனுப்பி, பவுல்சாமிக்கு ஒரு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி கொடுத்துவிட்டார், “இனிமேல் இதை வைத்து சயின்ஸ் செய்யவும்” என்று சீட்டு எழுதி. பவுல்சாமியை நாற்காலி போட்டு மாடிப்படியடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஓஸ் முனையைப் பிடித்துக்கொள்ள மட்டும் அவருக்கு அனுமதி.

சாக்குச் சுமக்கிறவர்களுக்கு டீ போட்டுக்கொண்டே மர்சலின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொடுக்க உட்கார்ந்த இடத்தில் மறுபடி வாங்கிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர்களே அதற்கான தண்ணீரையும் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். டீயில் இஞ்சி தட்டிப் போட்டாள், ஏலக்காய் போட்டாள், போதாதென்று கிறிஸ்துமஸுக்குச் சுட்டு டப்பாவின் அடியில் மிச்சமிருந்த கல்கல் பலகாரத்தையும் தட்டில் கொட்டினாள். அவ்வளவு செய்தும் மனசு ஆறவில்லை. பிறகு அச்யுத் இரண்டாவது டம்ளர் டீ கேட்டபோது, ஏனென்று தெரியாமல், கொஞ்சம் ஆறியது.

மூன்று கொடிகளும் தை பிறந்ததும் இருந்த இலையெல்லாம் கொட்டின. பதினெட்டுக் கொத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொடி பிழைத்ததா என்று தினமும் காலையில் நகத்தால் தண்டைக் கீறிப் பார்ப்பாள். முதல் வாரம் பழுப்பு. இரண்டாவது வாரமும் பழுப்புதான். மாசி மாதம் ஒரு நாள் கீறினால், தோலுக்கடியில் பச்சை. “என்னங்க!” என்று அவள் போட்ட சத்தத்துக்கு மாமி முக்காலியில் ஏறிவிட்டாள்.

பச்சை வந்தால் தளிர் வரும், ஆனால் அதில் காய்ப்பது அடுத்த தடவைதான். நேர்ச்சைக்கு மிச்சமிருந்தது நாலாவது கொடியின் நாலு கொத்து. பவுல்சாமிக்கு மூச்சு வாங்கியதால் தப்பித்த கொத்துகள். அவர் அதற்குக் காவல் இருந்தார். அணிலுக்கு வலை கட்டினார், காக்காய்க்குப் பழைய சி.டி.க்களைத் தொங்கவிட்டார், மாடியில் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக உட்கார்ந்தார். கொத்து நிறம் மாறிக் கறுத்தபோது, உதிர்ந்து கிடந்த ஒரு பழத்தைக்கூட வாயில் போடவில்லை. “நான் தொட மாட்டேன் மர்சி. எனக்கு அந்தத் தகுதி கிடையாது,” என்றார். அவள் வற்புறுத்தவில்லை.

சூசையப்பர் திருநாள் வியாழக்கிழமை வந்தது. மாலைப் பூசைக்கு முன்னால் மாடியில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள். கடல்காற்று பந்தலுக்குள் புகுந்து வந்தது. மூன்று கொடிகளும் இப்போது இளந்தளிராக நின்றன. நாலு கொத்தையும் கழுவி, காம்பிலிருந்து உதிர்த்து, சின்ன எவர்சில்வர் தட்டுகளில் பிரித்து வைத்திருந்தாள். நிழலில் காய்த்த சின்னக் கொத்துகள், அதிலும் பாதி முன்பே உதிர்ந்திருந்தது. தட்டுக்கு ஒரு கைப்பிடிகூட வரவில்லை.

என்ன பேச வேண்டும் என்று இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தாள். எல்லாரும் வந்து நின்றதும் அத்தனையும் மறந்துவிட்டது.

“கொஞ்சம்தான் இருக்கு,” என்றாள். “கூடை கூடையா குடுக்கணும்னு நினைச்சேன். நீங்க இல்லன்னா இவரு இல்ல. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியுது.”

“இதுக்குப் போய் கண்ணைத் தொடச்சுக்கறேளே,” என்றாள் மாமி. “நான் கொடுத்தது முன்னூத்தம்பது மில்லி. அதைச் சாக்கா வெச்சுண்டு ஒரு வாரம் சமையக்கட்டுப் பக்கமே போகலை. இந்த அச்யுத்தான் தோசை வார்த்தான். நியாயமா நான்னா ஒங்களுக்கு தேங்க்ஸ் சொல்லணும்!” ஒரு பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். “கொட்டை இருக்கு, புளிப்பும் இருக்கு. ஆனா என்ன வாசனை!”

அக்பர் பாஷா மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நோன்பு முடிய ஒன்றிரண்டு நாள்தான் பாக்கி. மற்றவர்களும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். பாங்கு சத்தம் கேட்டதும் உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டு, ஒரு திராட்சையை எடுத்து வாயில் வைத்தான்.

“மீன் வாசன வரல டீச்சரம்மா,” என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பவுல்சாமி தூரத்தில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று சிரித்தார்.

தட்டுகள் காலியாயின. மேஜைமேல் ஒன்று மட்டும் அப்படியே இருந்தது.

“இது யாருக்கு ஆன்ட்டி? அங்கிளுக்கா?” என்றான் அச்யுத்.

“எனக்கு இல்லப்பா,” என்றார் பவுல்சாமி அவசரமாக. “நான் தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“அவருக்கு இல்ல,” என்றாள் மர்சலின். “அன்னைக்கு நீங்க அஞ்சு பேரும் குடுத்துட்டுப் போனப்புறமும் ஒரு பாக்கெட் பத்தல. விடிகாலையில வேற ஏதோ ரத்த வங்கியிலேர்ந்து ஒன்னு வந்துச்சு. மேல ஒரு நம்பர்தான் ஒட்டியிருந்துச்சு. யாரு குடுத்தாங்கன்னு கேட்டேன், அதெல்லாம் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. ஆம்பளையோ, பொம்பளையோ. எந்தத் தெருவோ. இவருக்குத்தான்னு தெரியாமலே குடுத்துட்டுப் போயிருக்கு. அதுக்கும் சேர்த்துத்தானே நேர்ந்துக்கிட்டேன்.”

“ஆளு தெரியாம எப்டிம்மா குடுப்பீங்கோ?” என்றான் அக்பர் பாஷா.

மர்சலின் தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போனாள். பவுல்சாமி ஓரடி பின்னால் நகர்ந்தார். அதற்கு மேல் நகரத் தொட்டி விடவில்லை.

“வாயைத் தொறங்க.”

“மர்சி, நான்தான் சொன்னேனே…”

“இது உங்களுக்குன்னு யாரு சொன்னா? அந்த ரத்தம் உள்ளதானே ஓடுது. அதுக்குக் குடுக்கிறேன். நீங்க வாயைத் தொறந்தா போதும்.”

அவர் வாயைத் திறந்தார். ஒவ்வொன்றாக, ஒன்பது பழத்தையும் அவளே ஊட்டினாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேல் பொத்தான் போடாத சட்டைக்குள் தழும்பு தெரிந்தது. அந்த இடத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“யாரு பெத்த பிள்ளையோ, நீ நல்லா இருக்கணும்.”